நான்கு திகில் படங்களோடு ஏன் நின்றது? மிக்கேலே சொவாவி என்ற புதிர்

எண்பதுகளின் இத்தாலியத் திகில் படங்கள் பழுதுநீக்கப்பட்டு, பளிச்சென்று மறுபடி வந்துகொண்டிருக்கின்றன. வரிசையாகப் பார்க்கிறவர்களுக்கு மூன்று குழப்பங்கள் வரும். ஒன்று, ஒரே படத்துக்கு மூன்று, நான்கு பெயர்கள். இரண்டு, ஒல்லியான ஓர் இளைஞர் ஒரு படத்தில் மண்டை பிளந்து சாகிறார், இன்னொன்றில் முகமூடி போட்டு நிற்கிறார், வேறொன்றில் போலீஸ்காரராக வருகிறார். கடைசியில் அதே ஆளின் பெயர் 'இயக்கம்' என்ற இடத்தில் ஓடுகிறது. மூன்று, திகில் படத்தில் இவ்வளவு பெயர் வாங்கியவர் 1994-க்குப் பிறகு அந்தப் பக்கமே அதிகம் காணோம். தேடினால் போலீஸ் தொடர்களும் புனிதர் கதையும் குழந்தைகளுக்கான சூனியக்கிழவிப் படமும் அகப்படுகின்றன.

அந்த ஆள் மிக்கேலே சொவாவி. 1957-இல் மிலான் நகரில் பிறந்தவர். அவருடைய திசைமாற்றங்களுக்கு அவருடைய குணத்தில் காரணம் தேடுவதைவிட, அவர் வேலை பார்த்த தொழிற்சாலை எப்படி இயங்கியது, எப்படி மூடப்பட்டது என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் விளங்கும்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஃபிலோனே. சுரங்கத்தில் தாது ஓடும் கோட்டை இத்தாலிய மொழியில் இப்படிச் சொல்வார்கள். ஒரு படம் ஓடினால் அதே ரகத்தில் ஐம்பது படம் தோண்டியெடுப்பது; தாது தீர்ந்தால் அடுத்த இடத்துக்கு நகர்வது. 1964-க்குப் பிறகு கௌபாய் படங்கள், எழுபதுகளில் போலீஸ் படங்கள், 1979 முதல் பிணங்கள் எழுந்து நடக்கும் படங்கள். ஜார்ஜ் ரொமேரோவின் அமெரிக்கப் படம் ஒன்று இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் வெளியாகி ஓடியது. உடனே லூச்சியோ ஃபுல்ச்சி எடுத்த படத்துக்கு 'ஸோம்பி 2' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2. ஜால்லோ. மஞ்சள் என்று அர்த்தம். தமிழில் 'மஞ்சள் பத்திரிகை' என்றால் வேறு ஞாபகம் வரும், இது அதுவல்ல. மொண்டதோரி பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் போட்டது. அந்த நிறமே கொலை மர்மக் கதைக்குப் பெயராகிவிட்டது. சினிமாவில் மரியோ பாவா தொடங்கி டாரியோ அர்ஜென்டோ பிரபலமாக்கிய, கையுறை போட்ட கொலையாளி வரும் படங்களை இப்படி அழைக்கிறார்கள்.

3. பின்னொலி. அன்றைய இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் பேசிய குரல் படத்தில் வராது. எல்லாக் குரலும் பிறகு டப்பிங் கூடத்தில் சேரும். ஒரே காட்சியில் ஓர் அமெரிக்கர் ஆங்கிலத்திலும் எதிரே நிற்பவர் இத்தாலிய மொழியிலும் பேசி நடித்துவிட்டுப் போகலாம். வெளிநாட்டில் விற்க இது வசதி. இதற்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. குரல் பிறகுதானே வரப்போகிறது, முகம் நன்றாயிருந்தால் யூனிட்டில் சும்மா நிற்கிற யாரையும் கேமரா முன் தள்ளிவிடலாம். சொவாவியின் கதையில் இந்தப் பக்கவிளைவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நடிகர் என்ற பக்கவாசல்

'நடிகர் இயக்குநரானார்' என்றதும் நாம் நட்சத்திரத்தை நினைப்போம்: இருபது வருடம் நாயகனாக இருந்துவிட்டு ஒருநாள் மெகாஃபோன் பிடித்தவர். சொவாவி அந்த வகை இல்லை. நடிப்புப் பயிற்சி எடுத்தவர்தான், ஆனால் பெரிய வேடம் ஏதும் அவரைத் தேடி வரவில்லை. 1980-இல் ஃபுல்ச்சியின் படமொன்றில் காரில் காதலியோடு உட்கார்ந்திருக்கும் பையனாக வருகிறார். வெளியே ஒரு பாதிரியாரின் ஆவி. காதலியின் கண்களில் ரத்தம் வழிகிறது, பிறகு குடலை வாந்தியெடுக்கிறாள். அடுத்து நம் ஆளின் பின்மண்டை பிய்க்கப்படுகிறது. அவ்வளவுதான் வேடம். ஆனால் இந்தத் தொழிலில் அது நல்ல பள்ளிக்கூடம். ரத்தக் குழாய் எங்கே ஒளித்திருக்கிறது, பொம்மைத் தலையை எந்தக் கோணத்தில் காட்டினால் பொய் தெரியாது என்பதையெல்லாம் கொல்லப்படுகிறவனைவிட அருகிலிருந்து யார் பார்க்க முடியும்?

அப்புறம் அவர் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தார். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள்:

1. 1982, அர்ஜென்டோவின் 'தெனெப்ரே': உதவி இயக்கம், கூடவே சின்ன வேடம்.
2. 1983, மரியோ பாவாவின் மகன் லம்பெர்டோ பாவாவின் ஜால்லோ படம் ஒன்று: உதவி இயக்கம், வீட்டுச் சொந்தக்காரர் வேடம். படத்தில் முக்கியமான வேடம்; ஏன் முக்கியம் என்று சொன்னால் மர்மம் போய்விடும்.
3. அதே காலத்தில் ஜோ டமாட்டோ தயாரித்து இயக்கிய மலிவுப் படங்கள்: உதவி இயக்கம், எது தேவையோ அந்த வேடம்.
4. 1985, அர்ஜென்டோவின் 'ஃபெனோமெனா': உதவி இயக்கம், போலீஸ்காரர் வேடம்.
5. 1985, பாவா இயக்கி அர்ஜென்டோ தயாரித்த 'தெமோனி': உதவி இயக்கம், பெர்லின் சுரங்க ரயில் நிலையத்தில் பாதி முகத்துக்கு உலோக முகமூடி போட்டு இலவச சினிமா டிக்கெட் கொடுக்கும் மர்ம மனிதர் வேடம். இன்றும் சுவரொட்டிகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் காணக் கிடைக்கிற முகம் அது.

உதவி இயக்குநர் என்பதுதான் அவருடைய வேலை, நடிப்பு அந்த வேலையின் ஒட்டு. அதே 1985-இல் அர்ஜென்டோ எப்படிப் படமெடுக்கிறார் என்பது பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். ஆசானின் பட்டறையைச் சுற்றிக் கேமராவோடு நடப்பதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜோ டமாட்டோ கொடுத்த வாய்ப்பு

டமாட்டோவின் உண்மைப் பெயர் அரிஸ்டிடே மஸ்ஸாச்செஸி. ஒளிப்பதிவாளராக வந்தவர், பெயர்களை மாற்றி மாற்றி ஏறத்தாழ 200 படங்கள் இயக்கியவர். பெரும்பாலானவை மலிவான படங்கள். கணிசமானவை ஆபாசப் படங்கள். விமர்சகர்கள் அவரை மதிப்பதில்லை. ஆனால் புதியவர் ஒருவரை நம்பிப் பணம் போட்டது அவர்தான். திகில், கௌபாய் என்று ரகம் ரகமாகப் படமெடுத்த இத்தாலிய ஜானர் சினிமாவின் விசித்திரம் இது: கௌரவமான கம்பெனிகள் செய்யாததைக் கௌரவம் பற்றிக் கவலைப்படாத கம்பெனி செய்தது.

அப்படி 1987-இல் வந்தது 'தெலீரியா'. எழுதியவர் லூய்ஜி மொன்டெஃபியோரி. இவரும் நடிகர்தான், ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பெயரில் நடித்தவர். கதை எளிது. ஒரு நாடகக் குழு இரவு ஒத்திகை பார்க்கிறது. மனநல மருத்துவமனையிலிருந்து தப்பிய கொலையாளி உள்ளே நுழைந்துவிட்டான். விளம்பரம் கிடைக்கும் என்று நாடக இயக்குநர் கதவைப் பூட்டி, சாவியை ஒளிக்கச் சொல்கிறார். பூட்டிய பிறகு முதலில் சாகிறவள் சாவி இருக்கிற இடம் தெரிந்தவள். கொலையாளி நாடகத்துக்கென்று வைத்திருந்த பெரிய ஆந்தைத் தலையை மாட்டிக்கொள்கிறான்.

இந்த மாதிரிக் கதை அதற்குள் நூறு வந்துவிட்டது. சொவாவி எதை மாற்றினார் என்பதைப் படத்தின் கடைசிப் பகுதியில் பார்க்கலாம். கொலையெல்லாம் முடிந்து, பிணங்களை மேடையில் அலங்காரமாக அடுக்கிவைத்து, நடுவே நாற்காலியில் ஆந்தைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறான் கொலையாளி. மடியில் பூனை. காற்றில் இறகுகள் பறக்கின்றன. மிஞ்சிய ஒரே பெண் மேடைப் பலகைக்கு அடியில். சாவி அவன் காலருகே பலகை இடுக்கில் மாட்டியிருக்கிறது. அவள் கீழேயிருந்து அதை நெம்பி எடுக்க வேண்டும். வசனம் இல்லை, ஓட்டம் இல்லை, அலறல் இல்லை. ஒரு சாவி, ஒரு இடுக்கு, ஒரு செருப்பு. மற்ற இயக்குநர்கள் கத்தியைப் பத்து தடவை காட்டும் இடத்தில் இவர் ஓவியம் போல ஒரு மேடையை அமைத்து நம்மை மூச்சு விடாமல் உட்கார வைக்கிறார்.

வெளியே மழையில் போலீஸ் கார் நிற்கிறது. உள்ளே இத்தனை நடக்க, காவலுக்கு வந்த இளம் போலீஸ்காரர், தான் ஜேம்ஸ் டீன் மாதிரி இருக்கிறேனா என்று கூட இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேடத்தில் சொவாவியே. தன் படத்தில் எதுவும் தெரியாத ஒரே ஆளாக இயக்குநர் உட்கார்ந்திருப்பது நல்ல கிண்டல்.

பூட்டிய கதவுகள்

'தெலீரியா'வைப் பார்த்த இயக்குநர் டெர்ரி கில்லியம், தன் 'பேரன் முன்சௌசன்' படத்தின் இரண்டாம் யூனிட்டுக்கு, அதாவது துணைக் காட்சிகளைத் தனியாக எடுக்கும் குழுவுக்கு, சொவாவியை அமர்த்திக்கொண்டார். ரோமின் சினெசித்தா ஸ்டுடியோவில் நடந்த, பட்ஜெட் எகிறிப் பெயர்போன தயாரிப்பு அது. ஆயிரங்களைக் கொண்டு படமெடுத்தவர் கோடிகளை அங்கேதான் முதலில் பார்த்தார். 2005-இல் கில்லியமின் இன்னொரு படத்திலும் இதே வேலை பார்த்தார்.

அடுத்த இரண்டு திகில் படங்களுக்கு அர்ஜென்டோ தயாரிப்பாளர். 1989-இல் 'லா கியேஸா', அதாவது தேவாலயம். 'தெமோனி'யின் மூன்றாம் பாகமாகத் தொடங்கியதை சொவாவி தனிப்படமாக இழுத்துக்கொண்டார். இடைக்காலப் போர்வீரர்கள் ஒரு கிராமத்தையே வெட்டிப் புதைத்து, மேலே தேவாலயம் கட்டுகிறார்கள். நூற்றாண்டுகள் கழித்து ஒரு கல் நகர்ந்ததும் கதவுகள் தாமே அடைத்துக்கொள்கின்றன. பெரும்பகுதி புடாபெஸ்டின் மத்தியாஸ் தேவாலயத்தில் எடுத்தது. இசையில் கீத் எமர்சன், கோப்ளின் குழு, பிலிப் கிளாஸ் என்று விசித்திரமான கூட்டணி. கதை பாதியில் தளர்கிறது, உண்மைதான். கண்ணுக்குத் தெரிவதோ எதுவும் தளரவில்லை.

1991-இல் 'லா செத்தா'. ஜெர்மனியில் தனியாக வாழும் பள்ளி ஆசிரியை, அவள் வீட்டு அடித்தளத்தில் ஒரு கிணறு, சாத்தானை வழிபடும் கூட்டம். டிவி ரிமோட்டை அழுத்தும் முயல் ஒன்றும் உண்டு. ஏன் என்று கேட்காமல் பார்த்தால் ரசிக்கலாம்.

இந்தப் படங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரியும். அவர் உதவி இயக்குநராக இருந்த 'தெமோனி'யில் பூட்டிய சினிமா தியேட்டர். 'தெலீரியா'வில் பூட்டிய நாடக அரங்கம். பிறகு பூட்டிய தேவாலயம். இதில் பாதி சிக்கனம்: ஒரே கட்டடத்தில் முழுப் படத்தையும் எடுத்துவிடலாம், ஊர் ஊராக அலைய வேண்டாம். மலிவுத் தயாரிப்பு கற்றுக்கொடுத்த தந்திரத்தை அவர் தன் கருப்பொருளாகவே ஆக்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். நான்காவது படத்தில் ஊரே பூட்டிய அறையாகிவிடுகிறது.

கல்லறைக் காவலர்

1994-இல் வந்த 'தெல்லாமோர்த்தே தெல்லாமோரே' என்ற பெயருக்குச் சாவினுடையது, காதலினுடையது என்று பொருள். நாயகனின் குடும்பப் பெயர் ஒன்று, அவன் தாயின் குடும்பப் பெயர் மற்றது. மூலம், டிட்ஸியானோ ஸ்க்லாவியின் நாவல். ஸ்க்லாவி யார் என்றால், 1986 முதல் இத்தாலியில் லட்சக்கணக்கில் விற்ற 'டிலன் டாக்' என்ற காமிக்ஸை உருவாக்கியவர். இங்கே ஒரு சுவையான சுற்று இருக்கிறது. டிலன் டாக்கின் முகத்தை ஓவியர்கள் ஆங்கில நடிகர் ரூபர்ட் எவரெட்டின் முகத்தை வைத்து வரைந்தார்கள். ஸ்க்லாவியின் கதை படமானபோது நாயகனாக வந்தது அதே எவரெட். காமிக்ஸ் அவரிடமிருந்து முகத்தைக் கடன் வாங்கியது, சினிமா அதைத் திருப்பிக் கொடுத்தது.

பஃபலோரா என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டக் காவலர் ஃபிரான்செஸ்கோ. புதைத்தவர்களில் சிலர் ஏழாம் நாள் எழுந்து வருகிறார்கள். முதல் காட்சியிலேயே போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. திறக்கிறார், நிற்கிற பிணத்தின் நெற்றியில் சுடுகிறார், கதவைச் சாத்துகிறார், பேச்சைத் தொடர்கிறார். மேலிடத்துக்குத் தெரிவிக்கலாமே என்றால், அத்தனை படிவம் நிரப்புவதைவிடச் சுட்டுவிடுவது சுலபம் என்பது அவர் கணக்கு. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்த யாருக்கும் இந்த நகைச்சுவைக்கு விளக்கம் தேவையில்லை.

போகப் போகப் படம் இருண்டுவிடுகிறது. செத்தவர்களைச் சுட்டுப் பழகிய கை உயிரோடிருப்பவர்களையும் சுடத் தொடங்குகிறது; யாருமே அவரைச் சந்தேகப்படுவதில்லை. நடுவே மக்ரித்தின் ஓவியத்தில் வருவதுபோல் முகத்தில் துணி மூடிய காதலர்கள் முத்தமிடுகிறார்கள். கடைசியில் ஊரைவிட்டு ஓட வண்டியெடுத்தால், சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சாலையே முடிந்துவிடுகிறது. அப்பால் ஒன்றும் இல்லை.

நான்கில் இதுதான் உச்சம். இத்தாலியத் திகில் சினிமாவின் பொற்காலத்துக்குக் கடைசிப் படம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, பிறகு ஏன் நின்றது?

சொந்தக் காரணம் ஒன்று உண்டு: குடும்பத்தில் நோய். அதற்காகச் சில வருடம் ஒதுங்கினார். ஆனால் அவர் திரும்பி வந்தபோது முன்பிருந்த இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் வேறு. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. 1955-இல் இத்தாலியில் சுமார் 82 கோடி சினிமா டிக்கெட்டுகள் விற்றன. 1975-இல் 51 கோடி. 1985-இல் 12 கோடி சொச்சம்.

2. இடையில் நடந்தது 1976-ஆம் ஆண்டின் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு. உள்ளூர் அளவில் தனியார் ஒளிபரப்பலாம் என்றது அது. நூற்றுக்கணக்கில் சேனல்கள் முளைத்தன. அவற்றில் பெரியவற்றைத் தொழிலதிபர் பெர்லுஸ்கோனி வளைத்துப்போட்டார். வீட்டில் இலவசமாகப் படம் ஓடும்போது மூன்றாம் தரத் தியேட்டருக்கு யார் போவார்கள்? ஃபிலோனே படங்களின் வாடிக்கையாளர்கள் அந்தத் தியேட்டர்களில்தான் இருந்தார்கள்.

3. தியேட்டர் வருமானம் போனதும் தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பு உரிமையை நம்பத் தொடங்கினார்கள். படத்துக்கு முதல் போடுகிறவரே சேனல்காரர் என்ற நிலை வந்தது.

4. 1990-இல் மம்மி சட்டம் வந்தது. பெயரைப் பார்த்துத் திகில் படத்துக்கான சட்டம் என்று நினைக்க வேண்டாம். அமைச்சரின் பெயர் அது. அதன்படி 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை செய்யப்பட்ட படத்தை டிவியில் காட்டவே கூடாது. 14 வயதுத் தடை உள்ள படம் என்றால் இரவு 10.30-க்கு மேல்தான்.

மூன்றையும் நான்கையும் சேர்த்துப் படித்தால் கணக்கு முடிந்தது. ரத்தம் தெறிக்கும் படத்துக்குச் சான்றிதழில் வயதுத் தடை விழும். தடை விழுந்தால் டிவியில் நல்ல நேரம் கிடைக்காது. நல்ல நேரம் இல்லையென்றால் முதல் வராது. இதற்கு யாரும் திகில் படத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை.

டிவியில் சொவாவி

தொழில் போன இடத்துக்கே அவரும் போனார். 1999 முதல் டிவி படங்கள். புனித பிரான்சிஸ் வாழ்க்கைக் கதைகூட உண்டு. இவற்றில் தவறவிடக்கூடாதது 2001-இல் வந்த 'ஊனோ பியாங்கா'. வெள்ளை ஃபியட் ஊனோ காரில் வந்து கொள்ளையடித்துச் சுட்ட உண்மையான கும்பலின் கதை. போலோன்யா வட்டாரத்தில் 24 பேரைக் கொன்ற அந்தக் கும்பலில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் பணியில் இருந்த போலீஸ்காரர்கள். அவர்கள் ஆடிய காலம் 1987 முதல் 1994 வரை. சொவாவி ஆந்தைத் தலையையும் பிணங்களையும் வைத்து நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருந்த அதே ஏழு வருடங்கள். கதவுக்கு உள்ளேயே கொலையாளி இருக்கிறான் என்ற அவருடைய பழைய கரு இங்கே செய்தித்தாளிலிருந்து வந்தது.

2006-இல் மஸ்ஸிமோ கார்லோட்டோவின் நாவலை வைத்து மறுபடி சினிமா: தப்பியோடிய முன்னாள் தீவிரவாதி ஒருவன் நாடு திரும்பி, காட்டிக்கொடுத்தும் கொன்றும் 'மரியாதைக்குரிய மனிதர்' ஆகிற கதை. பேயே இல்லாத இந்தப் படம் 'லா செத்தா'வைவிட அதிகம் பயமுறுத்தும். 2016-இல் 'ரொக்கோ ஸ்கியாவோனே' போலீஸ் தொடரின் முதல் பருவம். அதன் நாயகன் இரவில் வீடு திரும்பி, செத்துப்போன மனைவியோடு உட்கார்ந்து சகஜமாகப் பேசுகிறான். கல்லறைக் காவலரை எடுத்த இயக்குநருக்கு அந்தக் காட்சிகளை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் வந்த குழந்தைப் படம், ஜனவரி 6-க்கு முந்தைய இரவு பரிசு கொண்டுவரும் பெஃபானா என்ற சூனியக்கிழவி பற்றியது.

எந்தப் பெயரில் தேடுவது?

1. 'தெலீரியா': ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ் ஃப்ரைட்', சில இடங்களில் 'அக்வேரியஸ்'. ஹிட்ச்காக்கின் 1950-ஆம் வருடப் படத்துக்கும் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' என்றே பெயர், ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. 'லா கியேஸா': 'தி சர்ச்'. 'தெமோனி 3' என்று அட்டை போட்டும் விற்றிருக்கிறார்கள்.
3. 'லா செத்தா': 'தி செக்ட்' அல்லது 'தி டெவில்ஸ் டாட்டர்'.
4. 'தெல்லாமோர்த்தே தெல்லாமோரே': அமெரிக்காவில் 'செமெட்டரி மேன்'.

எந்த மொழி ஒலித்தடத்தில் பார்ப்பது என்பது இன்னொரு சந்தேகம். டப்பிங்கில் பிறந்த படங்களுக்கு 'மூல மொழி' என்பதே பாதிக் கற்பனைதான், அதனால் முதல் மூன்றில் எதுவானாலும் பெரிய நஷ்டம் இல்லை. நான்காவதை மட்டும் ஆங்கிலத்தில் பாருங்கள். எவரெட்டின் சோம்பலான சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது. அவருடைய உதவியாளராக வரும் ஞாகியைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைசிக் காட்சி வரை, எந்த மொழியில் வைத்தாலும், அவர் பேசுவது ஒரே சொல்: 'ஞா'.